ராக்கெட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள்

எங்கள் மன்றத்தைக் கலைப்பதற்கான நோட்டீஸை டைப் அடித்தவள் நானேதான். யாரும் என்னை மிரட்டி அடிக்க வைக்கவில்லை. மன்றத்தில் டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. ஸ்டென்சில் தாளில் 'கலைப்பது குறித்து' என்று அடிக்கும்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் முதல் எழுத்தே தாளைக் கிழித்துக்கொண்டு போனது. கிழிந்த இடத்தில் பிழை திருத்தும் திரவம் பூசி, ஊதிக் காயவைத்து, மறுபடி அடித்தேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் அடிக்கிற தாள் சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு.

மன்றம் என்றால் நாடக மன்றமோ நடிகருக்கு வைத்த மன்றமோ இல்லை. இந்தியா விண்வெளியில் இன்னும் நிறையச் செய்ய வேண்டும், அதைப் பொதுஜனம் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காக மாட்டுங்காவில் தொடங்கிய மன்றம். நம் ஆள் ஒருவர் ரஷ்யர்களோடு விண்வெளிக்குப் போய்வந்த எண்பத்து நாலாம் வருஷம், அந்த உற்சாகத்தில் ஏழு பேர் கூடி ஆரம்பித்தார்கள். தலைவர் ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் விதி எண் சொல்வார். காபி ஆறிப்போனால்கூட அதற்கு ஒரு விதி வைத்திருப்பாரோ என்று நான் நினைத்ததுண்டு.

தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப் அடிக்கத் தெரிந்தவர் தேவை, சம்பளம் கிடையாது என்று மாட்டுங்காவில் ஒரு கடை வாசலில் அவர் விளம்பரம் ஒட்டியிருந்தார். அதைப் படித்துவிட்டு நடுத்தெருவில் நின்று சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். தாராவியில் ஒரே அறையுள்ள வீடு. அதை நாங்கள் கோலி என்போம். அப்பாவுக்கு மில் ஸ்டிரைக்கில் வேலை போய்விட்டது. அடுத்த சந்தில், நாங்கள் பாய் என்று கூப்பிடும் முஸ்லிம் ஒருவர் வைத்திருந்த தோல் பட்டறையில் பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். நாள் முழுக்க அடுத்தவர்களின் பாக்கிக் கடிதங்களையும் மன்னிப்புக் கடிதங்களையும் அடித்துக்கொண்டிருந்த எனக்கு, 'செயற்கைக்கோள்' என்ற சொல்லை அடிப்பதே பெரிய சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் ரயிலேறினேன்.

மன்றத்தின் முக்கிய வேலை தபால் கார்டு. 'விண்வெளித் திட்டங்களைக் குறைக்காதீர்கள், பொதுமக்களுக்கும் ராக்கெட் ஏவுவதைப் பார்க்க அனுமதி கொடுங்கள்' என்று டெல்லிக்கு எழுத வேண்டும். மாட்டுங்காவில் இருபது, செம்பூரில் பத்து என்று ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் தாராவியில் வாங்கி வருகிறேன் என்றேன். தலைவர் தயங்கினார். "அங்கே இருக்கறவாளுக்கு இதிலெல்லாம் இன்ட்ரஸ்ட் இருக்குமாம்மா?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் சந்தில் கையெழுத்து வாங்க வருகிறவர்களை எல்லாருக்கும் பழக்கம். குழாய்க்கு வாங்குவார்கள், ரேஷன் கார்டுக்கு வாங்குவார்கள், வீட்டை இடிக்க வரும்போது வாங்குவார்கள். நான் கார்டுக் கட்டோடு போனதும் எதிர்வீட்டுப் பெரியம்மை கேட்டாள்:

"எதுக்குட்டி, தண்ணிக் குழாய்க்கா?"

"இல்ல பெரியம்மை, ராக்கெட்டுக்கு."

"ராக்கெட்டு தண்ணி கொண்டாருமா?"

"புயல் வரதுக்கு முந்தியே சொல்லிரும். ஊர்ல உங்க தம்பி கடலுக்குப் போறாருல்லா?"

பெரியம்மை கார்டுக்குக் கையை நீட்டினாள். உண்மையில் புயல் சொல்வது செயற்கைக்கோள். அதை மேலே கொண்டுபோக நாம் இன்னும் அடுத்த நாட்டைத்தான் நம்பியிருந்தோம், நம் ராக்கெட் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் சந்தில் நின்று விளக்க முடியாது. 'எங்க ராக்கெட்டு', 'எங்க ராக்கெட்டு' என்று பேசிப் பேசி வாங்கினேன். சந்தில் எனக்கு 'ராக்கெட்டுக்காரி' என்று பேர் வந்தது. தலைவரிடம் கார்டுகளைக் கொடுத்தபோது அவர் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். அத்தனை பேரும் கார்டு எழுதினார்களே தவிர, மன்றத்தில் உறுப்பினர் ஆகவில்லை. ஆகலாம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நான்கூடச் சொல்லவில்லை. அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

எண்பத்தேழு மார்ச்சில் புதிய ராக்கெட் ஒன்று கிளம்பப் போவதாகப் பேப்பரில் வந்தது. நான் சந்தில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். அன்றைக்கு ஆபீஸில் எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ரேடியோவில் கேட்டேன். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கடலில் விழுந்துவிட்டது.

நான் அழுதேன். சத்தமாகவே அழுதேன். ஒரே அறையுள்ள வீட்டில் அழுதால் சந்துக்கே கேட்கும். பெரியம்மை ஓடி வந்து, "என்னாச்சுட்டி, யாரு போயிட்டா?" என்றாள். அம்மா, "அவ ராக்கெட்டு போயிரிச்சு" என்றாள்.

பெரியம்மை சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து போய், ஒரு சொம்பு நிறையச் சாயா போட்டுக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவள் சாயா கொண்டுபோவதைப் பார்த்தவர்கள் விசாரித்திருக்கிறார்கள். அரைமணி நேரத்தில் வாசலில் செருப்பு குவிந்துவிட்டது.

விளையாட்டுக்கு வந்தவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் துக்கம் கேட்பதற்கென்று ஒரு முறை இருக்கிறதே. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்ததும் விளையாட்டு போய்விடும். ஆண்கள் வந்து அப்பாவிடம் இரண்டு கைகளையும் நீட்டினார்கள், அப்பா தொட்டார். ராக்கெட்டுக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குத் தெரியாது. இருந்தாலும் முறையாகத் தொட்டார். பட்டறை பாய் வந்தார். "எவ்வளவு நேரம் இருந்துச்சு, தங்கச்சி?" என்று கேட்டார். எத்தனை நாள் படுக்கையில் கிடந்தார் என்று கேட்பது போலவே இருந்தது.

"ரெண்டு மூணு நிமிஷம்கூட இருக்காது பாய்."

"யாருக்கும் அடி படலல்லா? அல்லா காப்பாத்துனான்."

நான் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை. அந்தக் கேள்வியில்தான் என் அழுகை நின்றது.

மறுநாளும் வந்தார்கள். சாவுச் செய்தியைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுவது வழக்கம் என்பதால் இதையும் சொல்லிவிட்டிருக்கிறார்கள். காட்கோபரிலிருந்து பெரியம்மையின் மருமகன் வீட்டார் வந்தார்கள். செம்பூரிலிருந்து பாயின் மச்சான் வந்தார். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? எப்படி விழுந்தது, ஏன் விழுந்தது, அதில் என்ன எண்ணெய் ஊற்றுவார்கள் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை மன்றத்துப் புத்தகத்தில் பார்த்துவிட்டு மறுநாள் வருகிறவர்களுக்குச் சொன்னேன். மூன்று வருஷம் கார்டு வாங்கியபோது யாரும் இவ்வளவு கேட்டதில்லை.

மாட்டுங்காவில் கதை வேறு. தலைவரைக் காலை நடையில் கூட வருகிறவர்கள், "என்ன ராக்கெட் மாமா, உங்க ராக்கெட் சமுத்திர ஸ்நானத்துக்குப் போயிடுத்தாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் நடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அந்த வாரமே என்னைக் கூப்பிட்டு அந்த நோட்டீஸை டைப் அடிக்கக் கொடுத்தார். வருகிற ஞாயிறு பொதுக்கூட்டம், மன்றத்தைக் கலைப்பது குறித்து முடிவு. முகத்தை நிமிர்த்தவே இல்லை.

"சிரிக்கறாம்மா எல்லாரும்," என்றார். "இந்த வயசுல எனக்கு இது தேவையா?"

எனக்குத் தேவை சார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மன்றம் போனால் எனக்கு என்ன மிஞ்சும் என்று அவருக்குத் தெரியாது. வாரத்தில் ஏழு நாளும் பாக்கிக் கடிதம்தான் மிஞ்சும். கலைப்பதற்கு, ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் ஆதரித்தால் போதும். மாட்டுங்காக்காரர்கள் ஒன்பது பேரும் தலைவர் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

நோட்டீஸோடு சேர்த்து விதிகளையும் ஒரு பிரதி எடுக்கச் சொல்லியிருந்தார். அடித்துக்கொண்டே வரும்போது ஒரு விதியில் விரல் நின்றது. உறுப்பினர் ஒருவர் தலைமையில் ஐந்து பேருக்குக் குறையாமல் கூடி, மன்றத்தின் நோக்கம் பற்றிப் பேசி, அதற்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதினால் அது கிளைக் கூட்டம். அதில் கலந்துகொண்டவர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டால் உறுப்பினர். இந்த விதியை நான் முன்பு நாலைந்து முறை அடித்திருக்கிறேன். ஒரு முறைகூடப் படித்ததில்லை. டைப்பிஸ்ட்டுகள் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் தினமும் நடப்பது என்ன? உறுப்பினர் நான் இருக்கிறேன். ஐந்து பேர் என்ன, பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சோ ராக்கெட்டைத் தவிர வேறில்லை. ஆபீஸ் மிஷினில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் குறிப்புகளை அடித்தேன். 'தாராவிக் கிளைக் கூட்டம். இடம்: டைப்பிஸ்ட் வீடு. ராக்கெட் விழுந்ததற்கு இக்கூட்டம் வருந்துகிறது. யாருக்கும் அடிபடாததற்கு நிம்மதி கொள்கிறது. ராக்கெட்டில் என்ன எண்ணெய் ஊற்றப்படுகிறது என்பது விவாதிக்கப்பட்டது.' ஒரு வரிகூடப் பொய் இல்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர்களிடம் உறுப்பினர் விண்ணப்பத்திலும் கையெழுத்து வாங்கினேன்.

ஞாயிறு காலை நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் என்னோடு மாட்டுங்காவுக்கு நடந்து வந்தார்கள். கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில். வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன்: "கலைக்கணும்னு சொல்றவங்க கை தூக்குங்கன்னு சொல்வாரு, நீங்க சும்மா இருக்கணும். அப்புறம் வேண்டாம்னு சொல்றவங்கன்னு சொல்வாரு, அப்ப தூக்கணும்." எல்லாரும் தலையாட்டினார்கள்.

வகுப்பறையில் தலைவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒன்பது பேர் பெஞ்சுகளில் இருந்தார்கள். என் கையிலிருந்த விண்ணப்பக் கட்டையும் குறிப்புகளையும் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். எண்ணெய் வரியில் அவர் உதடு லேசாகத் துடித்தது. "விதிப்படி சரியா இருக்கு," என்றார். எனக்கு மூச்சு வந்தது.

அதற்குள் எங்கள் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். பெஞ்சு காலியாக இருந்தும் யாரும் உட்காரவில்லை. ராக்கெட் மன்றத்துக்குத் தலைவர் இவர்தான் என்று நான் சொல்லியிருந்தேன் இல்லையா? அப்படியானால் துக்க வீட்டுக்குப் பெரியவர் இவர். பெண்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் வரிசையாகப் போய் அவர் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினார்கள். அவருக்கு முறை தெரியவில்லை. பிறகு அப்பா எதிரில் நின்றபோது என்னவோ புரிந்து, எழுந்து நின்று தொட்டார். அடுத்தவர் கையைத் தொட்டார். நாலாவதாகப் பாய் வந்து, "வருத்தப்படாதீங்க சார்" என்றதும் அவர் முகம் கோணிக்கொண்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அத்தனை நாளில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, வருத்தப்படாதே என்று சொன்ன ஆள் ஒருவரும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் உட்பட.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் விதி விதிதான். தீர்மானத்தைப் படித்தார். "கலைக்கலாம்கறவா கை தூக்குங்கோ." பெஞ்சில் ஒன்பது கைகள் உயர்ந்தன.

"வேண்டாம்கறவா?"

நான் கை தூக்கினேன். திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்களில் ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. பெரியம்மை தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதுக்கு ஒன்று. இத்தனை பேரையும் கூட்டிவந்து நானே குழி தோண்டிக்கொண்டேனே என்று அவர்கள் மேல் வந்த ஆத்திரத்தில் கத்தியிருப்பேன். அதற்குள் பாய் எழுந்தார்.

"தங்கச்சி, நீ சொன்னது நெனப்புல இருக்கு. கோவப்படாத. சார், நாங்க வேண்டாம்னும் சொல்லல, வேணும்னும் சொல்லல. மவுத்து வீட்டுல, சாவு வீட்டுல உக்காந்துக்கிட்டுப் பங்கு பிரிக்கிற பேச்ச எடுக்கவே மாட்டோம். எடுத்தா அதுக்குப் பதில் சொல்றதும் தப்பு. நாப்பது நாள் கழியட்டும். அப்புறம் பேசுவோம்."

"எங்களுக்குப் பதினாறுதான்," என்றாள் பெரியம்மை தரையிலிருந்து. "ஆனா பாய் சொல்லுத நாப்பதே இருக்கட்டும்."

பெஞ்சிலிருந்து ஒருவர், "ஓட்டு எண்ணியாச்சு சார், ஒன்பதுக்கு ஒன்று" என்றார். தலைவர் பேனாவைத் திறந்தபடி பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"முடிவை நான் இன்னும் அறிவிக்கலை," என்றார். "அறிவிக்கறதுக்கு முன்னாடி ஒத்திவைப்புத் தீர்மானம் யார் வேணும்னாலும் கொண்டுவரலாம். இவர் கொண்டுவந்திருக்கார். நாற்பது நாள் ஒத்திவைக்கலாம்கறவா?"

தரையில் இருந்த அத்தனை கைகளும் எழுந்தன. பெஞ்சிலும் மூன்று எழுந்தன. அவற்றில் ஒன்று, ஓட்டு எண்ணியாச்சு என்றவருடைய கை. குறிப்புக்காகக் கைகளை எண்ண வேண்டியவள் நான், எண்ண முடியாமல் நின்றேன்.

நாற்பது நாள் கழித்து அதே அறையில் இடம் போதாமல் வராந்தாவில் நின்றார்கள். கலைப்பது என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. தலைவர் ஆரம்பிக்கும் முன்பே பாய் கேட்டார்: "அடுத்தது எப்ப சார் விடுதாங்க?" ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம் என்றார் தலைவர். "அதுவும் விழுந்துட்டா?" என்றாள் பெரியம்மை. "விழலாம்" என்றார் அவர். அந்தப் பதிலுக்காக அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அன்றைக்கே செம்பூருக்கும் காட்கோபருக்கும் கிளைகள் போட்டோம். என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். டைப் அடிக்கும் வேலை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

எண்பத்தெட்டு ஜூலையில் அடுத்தது கிளம்பியது. அதுவும் விழுந்தது.

அன்றைக்கு நல்ல மழை. ஆபீஸிலேயே தெரிந்துவிட்டது. சயான் ஸ்டேஷனில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தேன். இந்த முறை அழவில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் பெரியம்மை இருந்தாள். பாய் பட்டறையில் இருந்தார். யாரும் வரவில்லை. மழையாக இருக்கும் என்று நினைத்தேன். மழை விட்டது. அப்போதும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வருஷத்தில் எல்லாருக்கும் அலுத்துவிட்டது, இத்தனை பேர் சேர்ந்ததெல்லாம் பேருக்குத்தான் என்று தோன்றியது.

"ஒருத்தர்கூட வரலியேம்மா," என்றேன்.

அம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"துக்கம் கேக்க வாரவ வெளியாளால்லா இருக்கணும். இந்தச் சந்துல இப்ப வெளியாளு யாரு இருக்கா? பெரியம்மை மத்தியானத்துலேருந்து அடுப்பு பத்த வைக்கல. பாய் ரேடியோவக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. நீ என்னடான்னா, யாராவது வருவாங்கன்னு வாசலப் பாத்துக்கிட்டிருக்க."

நான் வாசலில் போய் நின்று பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் சந்தில் பத்துப் பதினைந்து ஸ்டவ்வாவது இரைந்துகொண்டிருக்கும். அன்றைக்கு ஒன்றின் சத்தமும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே வந்து ஸ்டவ்வுக்குக் காற்றடித்துப் பற்ற வைத்தேன். வீட்டில் இருந்ததிலேயே பெரிய பாத்திரத்தை எடுத்து, சந்தில் எல்லாருக்கும் சாயா ஆகும்படி தண்ணீர் ஊற்றினேன்.